பங்கில் பதினோரு குழுக்கள், எல்லாவற்றிலும் அதே முகங்கள்: எந்தப் பணியை முதலில் கையில் எடுப்பது?

பேரவைக்குப் புதியவர்

எல்லாருக்கும் வணக்கம். மூன்று மாதத்துக்கு முன்பு எங்கள் அன்பியத்தின் (அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் சேர்ந்த சிறு குழு) சார்பில் என்னைப் பங்குப்பேரவைக்கு, அதாவது எங்கள் கோவில் பங்கின் ஆலோசனைக் குழுவுக்கு, அனுப்பினார்கள். அதுவரை ஞாயிறு திருப்பலிக்குப் போவேன், வருவேன், அவ்வளவுதான். ஒரு பங்கு எத்தனை பேருடைய உழைப்பில் ஓடுகிறது என்பது உள்ளே வந்த பிறகுதான் தெரிகிறது.

எங்கள் அறிவிப்புப் பலகையில் பதினோரு குழுக்களின் பெயர்கள் இருக்கின்றன. வாசகர்கள், பாடகர் குழு, பீடச்சிறார், நற்கருணைப் பணியாளர்கள், மறைக்கல்வி, மரியாயின் சேனை, வின்சென்ட் தே பவுல் சபை, இளையோர், பெண்கள் பணிக்குழு, ஆலய அலங்காரம், வரவேற்பு. பார்க்க நிறைவாகத்தான் இருக்கிறது. ஒரு மாலை உட்கார்ந்து உறுப்பினர் பெயர்களை எல்லாம் ஒரே தாளில் எழுதினேன். மொத்தம் முப்பத்துநான்கு பேர். அதில் பன்னிரண்டு பேர் குறைந்தது மூன்று குழுக்களில் இருக்கிறார்கள். வாசகம் வாசிக்கிற அதே அக்கா மறைக்கல்வி எடுக்கிறார், பீடத்துக்குப் பூ வைக்கிறார், மாலையில் சேனைக் கூட்டத்துக்கும் போகிறார்.

இதை இங்கே எழுதக் காரணம் வேறு. குடும்பப் பதிவேட்டைப் புதுப்பிக்கிற வேலையை என்னிடம் கொடுத்திருந்தார்கள். அப்படிப் போன ஒரு வீட்டில், பல வருடம் பீடத் துணிகளைத் துவைத்துத் தேய்த்துக் கொடுத்த ஒரு பாட்டி இருக்கிறார். முழங்கால் போய்விட்டது, ஒன்றரை வருடமாக வெளியே வரவில்லை. ஞாயிறு காலை கோவில் மணி கேட்டதும் தலை வாரிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துவிடுவாராம். அவருடைய மகள் சாதாரணமாகச் சொன்னார். இந்த ஒன்றரை வருடத்தில் பங்கிலிருந்து ஒருவர்கூட அவர்களுடைய வாசல் ஏறவில்லை. நானும்தான்.

அடுத்த பேரவைக் கூட்டத்தில் பன்னிரண்டாவதாக ஊடகப் பணிக்குழு ஒன்று தொடங்க வேண்டும் என்று முன்மொழிவு வருகிறது. அதற்கு முன்னால் வீட்டிலேயே இருக்கிறவர்களைச் சந்திப்பதை ஒழுங்குபடுத்த வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. உங்கள் பங்குகளில் இதை எப்படிச் செய்கிறீர்கள்? ஆள் குறைவாக இருக்கும்போது எதை முதலில் எடுப்பது?

நோயாளருக்கு நற்கருணை

தம்பி, நான் ஓய்வுபெற்ற செவிலி. எட்டு வருடமாக நற்கருணைப் பணியாளராக, அதாவது திருப்பலியில் அர்ச்சிக்கப்பட்ட அப்பத்தை மக்களுக்குக் கொடுக்க உதவுகிறவராக, இருக்கிறேன். நீங்கள் கேட்டது எனக்கு மிகவும் நெருக்கமான விஷயம், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் ஒன்று. இது பங்கின் கூடுதல் வேலை கிடையாது. ஏறத்தாழ கி.பி. 155இல் உரோமையில் புனித ஜஸ்டின் பேரரசருக்கு எழுதிய விளக்கத்தில், கிறிஸ்தவர்கள் ஞாயிற்றுக்கிழமை என்ன செய்கிறார்கள் என்று விவரிக்கிறார். வாசகம், மறையுரை, மன்றாட்டு, அப்பமும் இரசமும். அதோடு நிறுத்தாமல், வராதவர்களுக்குத் திருத்தொண்டர்கள் எடுத்துச் செல்கிறார்கள் என்று எழுதுகிறார். அதற்கடுத்துதான் காணிக்கை பற்றியே வருகிறது. அதுவும் அநாதைகள், விதவைகள், நோயாளிகள், சிறையில் இருப்பவர்கள், அந்நியர்கள் ஆகியோருக்குப் போகிறது. அந்தக் காலத்தில் குழுவும் கிடையாது, பலகையும் கிடையாது. வராதவர் யார் என்பது மட்டும் தெரிந்திருந்தது.

பொதுநிலையினர் (குருவோ துறவியோ அல்லாதவர்கள்) நற்கருணை கொண்டுபோக 1973இல் திருத்தந்தை ஆறாம் பவுல் காலத்தில் பொது அனுமதி வந்தது. பங்குத்தந்தை ஒருவரே எல்லா வீட்டுக்கும் போக முடியாத இடங்களில் இது பெரிய வரம். ஆனால் பல பங்குகளில் நற்கருணைப் பணியாளர் என்றால் திருப்பலியில் வரிசையைச் சீக்கிரம் முடிக்க உதவுகிறவர் என்று ஆகிவிட்டது. என்னைக் கேட்டால், இந்தப் பணியின் உயிர் வீடுகளில்தான் இருக்கிறது.

நாங்கள் செய்வது இப்படி. சனிக்கிழமையே தொலைபேசியில் கேட்டுவிடுவோம், வரலாமா, எத்தனை மணிக்கு என்று. ஞாயிறு திருப்பலி முடிவில் ஃபாதர் நற்கருணை வைத்த சிறு சிமிழை எங்கள் கையில் கொடுத்து எல்லார் முன்னிலையிலும் அனுப்பிவைப்பார். நேராக வீட்டுக்குத்தான் போக வேண்டும், வழியில் வேறு எந்த வேலையும் கூடாது. வீட்டில் ஒரு சிறு மேசை, சுத்தமான துணி, ஒரு மெழுகுதிரி. அன்றைய நற்செய்தியை நிதானமாக வாசிப்போம். மறையுரையில் ஃபாதர் சொன்னதை ஓரிரு வரியில் சொல்வோம். இயேசு கற்பித்த செபம், பிறகு நற்கருணை, கொஞ்சம் அமைதி. அதற்குப் பிறகு உட்கார்ந்து பேச வேண்டும். சிமிழை மூடிய கையோடு கிளம்பிவிட்டால் அவர்களுக்கு வலிக்கும். ஒருவருக்கு மூன்று வீடு போதும், நான்குக்கு மேல் வேண்டவே வேண்டாம். ஐந்தாவது வீட்டில் அவசரம் வந்துவிடும், பட்ட அனுபவம்.

நிறையப் பேருக்குத் தெரியாத ஒன்று: வயதானவர்களும் நோயாளிகளும், அவர்களைப் பார்த்துக்கொள்கிறவர்களும், ஒரு மணி நேர உபவாசம் இல்லாமலே நற்கருணை வாங்கலாம். திருச்சபைச் சட்டம் 919 தெளிவாகச் சொல்கிறது. மருந்துக்காகச் சாப்பிட்டுவிட்டேன், அதனால் இன்றைக்கு வேண்டாம் என்று ஒதுங்கிய எத்தனையோ பேரை நான் பார்த்திருக்கிறேன். போனதும் முதலில் இதைச் சொல்லுங்கள்.

இளையோர் பொறுப்பாளர்

பாட்டியைப் பற்றிப் படித்தபோது மனது கனத்தது. ஆனாலும் ஒரு மறுப்பு இருக்கிறது, சொல்லிவிடுகிறேன்.

ஊடகப் பணியையும் வீடு சந்திப்பையும் ஏன் எதிரெதிராக வைக்க வேண்டும்? எங்கள் பங்கில் திருப்பலி நேரலையைப் பிள்ளைகள்தான் பார்த்துக்கொள்கிறார்கள். கேமரா, ஒலி, வாசகங்களைத் திரையில் போடுவது எல்லாம். அதை அதிகம் பார்ப்பவர்கள் கட்டிலை விட்டு எழ முடியாதவர்கள். இன்னொன்று, இந்தப் பிள்ளைகளில் பாதிப் பேர் உறுதிபூசுதல் வாங்கியதோடு கோவிலை மறந்திருப்பார்கள். கையில் ஒரு பொறுப்பு கொடுத்ததால் இருக்கிறார்கள். பதினேழு வயதுப் பையனிடம் போய் உனக்கு விருப்பமான வேலை இரண்டாம்பட்சம் என்று சொன்னால் அவன் திரும்பி வருவானா?

பெரியவர்கள் நடத்துகிற பேரவைகளில் இளையோர் எதைக் கேட்டாலும் அதற்கு முன்னால் செய்ய வேண்டியது ஒன்று இருக்கும். முதலில் கூரை, அப்புறம் ஒலிபெருக்கி, அப்புறம் நாற்காலி. இப்போது நோயாளிகள். நோயாளிகள் முக்கியமில்லை என்று நான் சொல்லவில்லை. எங்களையும் அந்த வேலைக்குக் கூப்பிடுங்கள் என்கிறேன்.

பேரவைக்குப் புதியவர்

அக்கா, உபவாசம் பற்றி நீங்கள் சொன்னது எனக்கே புதிது. மிக்க நன்றி.

இளையோர் பொறுப்பாளருக்கு: நீங்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது, ஏற்கிறேன். என் கவலை ஒன்றுதான். நேரலை வந்த பிறகு, பாட்டி வீட்டிலிருந்தே பார்த்துக்கொள்வார் என்று எல்லாரும் நிம்மதியாகிவிட்டோமோ என்று தோன்றுகிறது. திரையில் அவர் நம்மைப் பார்க்கிறார். நாம் அவரைப் பார்ப்பதில்லை.

வின்சென்ட் சபைக்காரர்

எங்கள் சபை எப்படித் தொடங்கியது என்பதை இங்கே சொல்வது பொருத்தமாக இருக்கும். 1833, பாரிஸ். பல்கலைக்கழக மாணவர்கள் சிலர் கூடி வரலாறு, சமயம் என்று விவாதித்துக்கொண்டிருந்தார்கள். உங்கள் திருச்சபை பழைய காலத்தில் நல்லது செய்திருக்கலாம், இப்போது நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்று எதிர்த்தரப்பு மாணவர் ஒருவர் கேட்டார். பிரடெரிக் ஓசனாமுக்கு அப்போது வயது இருபது. அந்தக் கேள்வி அவரைச் சும்மா இருக்க விடவில்லை. நண்பர்களோடு ஏழைகளின் வீடுகளுக்குப் போகத் தொடங்கினார். எப்படிப் போவது, என்ன பேசுவது என்று அவர்களுக்குக் கற்றுக்கொடுத்தவர் அருட்சகோதரி ரோசலி ரெந்து. அந்தப் பகுதி ஏழைகளைப் பெயர் சொல்லிக் கூப்பிடும் அளவுக்குத் தெரிந்தவர் அவர். ஓசனாம் 1997இலும் ரோசலி 2003இலும் அருளாளர்களாக உயர்த்தப்பட்டார்கள்.

உதவியைக் கோவில் வாசலில் வைத்துக் கொடுப்பது எங்கள் முறை அல்ல என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன். வீட்டுக்குப் போக வேண்டும், இருவராகப் போக வேண்டும். ஒருவர் பேசும்போது இன்னொருவர் கவனிப்பார். கூரை ஒழுகுகிறதா, பிள்ளை பள்ளிக்குப் போகவில்லையா, மருந்துச் சீட்டு வாங்கப்படாமல் கிடக்கிறதா. கேட்டால் ஒன்றும் வேண்டாம் என்பார்கள். கண்ணுக்குத் தெரியும். உதவி பெறுகிறவர்களின் பெயர் சபைக்கு வெளியே போகவே கூடாது.

ஒரு விஷயத்தில் எனக்குக் கோபமே உண்டு. உதவி கொடுக்கும்போது படம் எடுப்பது. ஒரு பையை நான்கு பேர் பிடித்துக்கொண்டு, வாங்குகிற அம்மாவை நடுவில் நிறுத்தி, அந்தப் படத்தைப் பங்கின் குழுவில் போடுகிறார்கள். அந்த அம்மாவின் மகனும் அதே குழுவில் இருக்கிறான். நான் முன்பு இருந்த பங்கில் இப்படி நடந்து, அந்தக் குடும்பமே கோவிலுக்கு வருவதை நிறுத்திவிட்டது. போய் மன்னிப்புக் கேட்டோம். கதவைத் திறந்தார்கள், உட்காரச் சொன்னார்கள், ஆனால் பழைய மாதிரி ஆகவில்லை. ஊடகப் பணிக்குழு தொடங்குகிறவர்கள் முதல் நாளே எழுதிவைக்க வேண்டிய விதி இது: உதவி பெறுகிறவரின் முகம் எங்கேயும் வரக் கூடாது.

இளையோர் பொறுப்பாளர்

அந்த விதியை அப்படியே எடுத்துக்கொள்கிறேன் அண்ணா. எங்கள் பிள்ளைகளிடமும் சொல்கிறேன்.

நிதிக்குழு

பேச்சு உதவிப் பக்கம் வந்ததால் பணம் பற்றிக் கொஞ்சம். 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தொகுப்பின்படி பங்குப்பேரவை ஆலோசனை சொல்லும் அமைப்பு. மறைமாவட்ட ஆயர் தேவை என்று கருதும் இடத்தில் அது இருக்கும் (சட்டம் 536). நிதிக்குழு அப்படி அல்ல, ஒவ்வொரு பங்கிலும் இருந்தே ஆக வேண்டும் (537). இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதால்தான் பாதிச் சண்டை.

அதைவிட முக்கியம் 1267. ஒரு நோக்கத்துக்காகக் கொடுக்கப்பட்ட காணிக்கையை அந்த நோக்கத்துக்கு மட்டுமே செலவிட வேண்டும். ஏழைகளுக்கான உண்டியலில் விழுந்தது ஏழைகளுக்குத்தான். பெயிண்ட் அடிக்க அவசரம், அடுத்த மாதம் திருப்பி வைத்துவிடுவோம் என்று எடுக்கக் கூடாது. நல்ல மனதோடு அப்படிச் செய்து, திருப்பி வைக்க மறந்துபோன இடங்கள் உண்டு. பிறகு யாராவது கேட்டால் எல்லாரும் எல்லாரையும் சந்தேகப்படுவார்கள். நாங்கள் மூன்று மாதத்துக்கு ஒரு முறை வரவு செலவைப் பலகையில் ஒட்டுகிறோம். ஒட்டத் தொடங்கிய பிறகு கேள்விகள் குறைந்தன.

வீடு சந்திப்புக்குப் பெரிய நிதி தேவையில்லை. ஆனால் போகிறவர்களின் பயணச் செலவைப் பங்கு ஏற்க வேண்டும். அவர்கள் கேட்க மாட்டார்கள், நாம்தான் கொடுக்க வேண்டும்.

வாசகர்

சுருக்கமாக ஒன்று. வாசகர், பீடத்துணைவர் (பீடத்தில் குருவுக்கு உதவுகிறவர்) பணிகளில் பெண்களையும் முறைப்படி நியமிக்கலாம் என்று 2021 ஜனவரியில் திருத்தந்தை பிரான்சிஸ் சட்டத்தை மாற்றினார். பெண்கள் வாசிப்பது முன்பே இருந்தாலும், இனி அது அந்தந்த நேரத்துக்குக் கிடைக்கும் அனுமதியாக மட்டும் இல்லை. ஆள் இல்லை என்று சொல்கிற பங்குகள் யாரிடம் இதுவரை கேட்கவில்லை என்று யோசிக்கலாம்.

மறைக்கல்வி ஆசிரியை

ஆள் சேர்ப்பது பற்றி நானும் சொல்கிறேன். மறைக்கல்வி எடுக்க ஆசிரியர்கள் தேவை என்று பீடத்திலிருந்து ஐந்து ஞாயிறு அறிவித்தார்கள். ஒருவரும் வரவில்லை. ஆறாவது வாரம் நான் ஆறு பேரிடம் நேராகப் போய்க் கேட்டேன். நீங்கள் பேசினால் பிள்ளைகள் கேட்பார்கள், ஒரு வருடம் மட்டும் செய்யுங்கள், முதல் இரண்டு மாதம் நான் கூடவே இருக்கிறேன் என்று. நான்கு பேர் வந்தார்கள். இதில் மூன்று விஷயம் அடங்கியிருக்கிறது: பெயர் சொல்லிக் கேட்டது, முடிவுத் தேதி சொன்னது, தனியாக விடமாட்டேன் என்றது.

கடைசியாகச் சொன்னதன் அருமை எனக்குத்தான் தெரியும். நான் முதல் வகுப்பு எடுத்த அன்று ஒரு புத்தகத்தையும் இருபத்தாறு பிள்ளைகளையும் கொடுத்துவிட்டுக் கதவைச் சாத்திவிட்டுப் போனார்கள். அன்று வீட்டுக்கு வந்து அழுதேன். மறுவாரம் போகவே கூடாது என்று இருந்தேன். ஒரு சிறுமி கோவில் வாசலில் என் கையைப் பிடித்துக்கொண்டு, மிஸ், இன்றைக்கும் அந்தக் காணாமல் போன ஆடு கதையா என்று கேட்டாள். அதனால்தான் பதினான்கு வருடமாக இருக்கிறேன். 2021 மே மாதம் மறைக்கல்வியாளர் என்பதையே திருச்சபை ஒரு நிலையான பணியாக ஏற்படுத்தியது. அந்த மதிப்பு பயிற்சியிலும் தெரிய வேண்டும்.

அப்புறம், பிள்ளைகளையும் இந்தச் சந்திப்பில் சேருங்கள். எங்கள் நான்காம் வகுப்புப் பிள்ளைகள் வீட்டில் இருக்கும் தாத்தா பாட்டிகளுக்குக் கடிதம் எழுதுகிறார்கள். பதில் வந்தால் வகுப்பில் வாசிப்போம். நேரில் கூட்டிப்போனால் இரண்டு பெரியவர்கள் உடன் இருக்க வேண்டும், பெற்றோரிடம் எழுத்தில் அனுமதி வாங்க வேண்டும், எந்தப் பிள்ளையும் எந்தப் பெரியவரோடும் தனியாக இருக்கக் கூடாது. இதில் முகதாட்சண்யம் பார்க்கவே கூடாது. நல்லவர் என்று எல்லாருக்கும் தெரிந்தவருக்கும் இதே விதிதான்.

ஆல்டோ குரல்

பாடகர் குழுவைச் சேவை என்று யாரும் கணக்கில் எடுப்பதில்லை, அதனால் எழுதுகிறேன். எங்களைப் பற்றி வரும் புகார் ஒன்றுதான்: நீங்களே பாடிக்கொள்கிறீர்கள், மக்கள் பாட முடியவில்லை. அது சரியான புகார். வழிபாட்டில் மக்கள் முழுமையாகவும் உணர்ந்தும் ஈடுபட்டும் பங்கேற்க வேண்டும் என்பது இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963ஆம் ஆண்டு வெளியிட்ட வழிபாட்டுக் கொள்கைத்திரட்டின் மைய எண்ணம். மாதம் ஒரு புதுப் பாட்டுக்கு மேல் வேண்டாம் என்று நாங்களே முடிவு செய்தோம். இப்போது பின்வரிசையிலிருந்தும் குரல் வருகிறது.

ஆனால் எங்கள் உண்மையான வேலை ஞாயிறு அல்ல, அடக்கத் திருப்பலி. வேலை நாளில், காலை பத்து மணிக்கு, முன்னறிவிப்பு இல்லாமல் வரும். வேலைக்குப் போகிறவர்களால் வர முடியாது. அதற்கென்றே ஓய்வுபெற்றவர்கள் ஏழு பேர் இருக்கிறோம். அழைப்பு வந்த இரண்டு மணி நேரத்தில் கூடிவிடுவோம். உறவினர் நான்கே பேர் வந்த அடக்கமும் உண்டு. அன்றைக்கு நாங்கள் ஏழு பேர் இல்லாவிட்டால் அந்தக் கோவில் எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். வருடக்கணக்கில் கோவில் பக்கமே வராத மகன் ஒருவன் அன்று கடைசிவரை நின்று எங்கள் ஒவ்வொருவர் கையையும் பிடித்தான். யாரும் அவனுக்கு ஒன்றும் போதிக்கவில்லை.

அடக்கம் முடிந்து நாற்பது நாள் கழித்து அந்த வீட்டுக்கு யாராவது போகிறார்களா என்று உங்கள் பேரவையில் கேளுங்கள். முதல் வாரம் வீடு நிறைய ஆள் இருக்கும். பிறகுதான் வீடு காலியாகும்.

வேறு சபை நண்பர்

நான் கத்தோலிக்கன் அல்ல, சீர்திருத்த சபையைச் சேர்ந்தவன். எங்களிடமும் இதே கதைதான். ஞாயிறு பள்ளி, பெண்கள் ஐக்கியம், வாலிபர் ஐக்கியம், பாடகர் குழு, எல்லாவற்றிலும் அதே முகங்கள். 1780இல் இங்கிலாந்தின் குளோஸ்டரில் இராபர்ட் ரெய்க்ஸ் ஞாயிறு பள்ளி தொடங்கியபோது, அது வாரம் முழுக்க வேலை செய்த ஏழைப் பிள்ளைகளுக்கு எழுதப் படிக்கக் கற்றுக்கொடுக்கும் இடம். அவர்களுக்குக் கிடைத்த ஒரே விடுமுறை நாள் அது. வராத பிள்ளைகளுக்காகத் தொடங்கியதை, வருகிற பிள்ளைகளோடு நாம் நிறுத்திக்கொண்டோமோ என்று நான் அடிக்கடி நினைப்பதுண்டு. எங்கள் ஆயர் மாதம் ஒரு முறை திருவிருந்தை வீடுகளுக்குக் கொண்டுபோகிறார். மாதம் ஒரு முறை போதாது என்று இந்த இழையைப் படித்த பிறகு தோன்றுகிறது.

சேனை உறுப்பினர்

மரியாயின் சேனையில் ஒரு நல்ல பழக்கம் உண்டு. வாரம் தவறாமல் கூட்டம். கொடுத்த வேலையை அடுத்த கூட்டத்தில் ஒவ்வொருவரும் வாய்விட்டு அறிக்கை சொல்ல வேண்டும். போனேனா, யாரைப் பார்த்தேன், என்ன நடந்தது. 1921இல் டப்ளினில் பிராங்க் டப்பும் சில பெண்களும் தொடங்கியபோது எடுத்த முதல் வேலையே மருத்துவமனை நோயாளிகளைச் சந்திப்பதுதான். சேனை பொருளுதவி செய்வதில்லை. கொடுக்க ஒன்றும் இல்லாமல் போகிறோம் என்பதே ஒரு பலம், எதற்காக வந்தோம் என்று யாரும் சந்தேகப்படுவதில்லை.

அந்த அறிக்கை இல்லாவிட்டால் இரண்டே மாதத்தில் சந்திப்பு நின்றுவிடும். அடுத்த வாரம் போகலாம் என்பது எல்லாருக்கும் வரும். எனக்கும் வந்திருக்கிறது.

உங்கள் பட்டியலில் கோபித்துக்கொண்டு போனவர்களையும் சேருங்கள். முழங்கால் வலியால் வராதவரைவிட மனவருத்தத்தால் வராதவர் எங்கள் பங்கில் அதிகம். அவர்கள் வீட்டுக்குப் போனால் திரும்பி வாருங்கள் என்று சொல்லாதீர்கள். என்ன நடந்தது என்று மட்டும் கேளுங்கள்.

உள்ளறையிலிருந்து

இந்த இழையை மூன்று நாளாகப் படிக்கிறேன். நான் நீங்கள் பேசிக்கொண்டிருக்கும் வீடுகளில் ஒன்றில் இருப்பவள். என் கணவருக்குப் பக்கவாதம் வந்து ஐந்து வருடம் ஆகிறது. அவரால் பேச முடியாது, எல்லாம் புரியும்.

பங்கிலிருந்து மாதம் இருமுறை அவருக்கு நற்கருணை வருகிறது. வருகிறவர் நல்லவர், அன்பானவர். எனக்கும் சேர்த்தே கொடுப்பார். நன்றியோடுதான் சொல்கிறேன், என் கணவர் நற்கருணை வாங்குகிறார், ஆனால் நான் ஐந்து வருடமாகத் திருப்பலிக்குப் போகவில்லை. அவரைத் தனியாக விட்டுவிட்டுப் போக முடியாது. நோயாளியைப் பார்க்க வருகிறார்கள். நான் நோயாளி இல்லை, அதனால் எந்தப் பட்டியலிலும் நான் இல்லை.

எனக்கு வேண்டியது பெரிதாக ஒன்றும் இல்லை. யாராவது ஒருவர் ஞாயிறு காலை ஒன்றரை மணி நேரம் என் வீட்டில் உட்கார்ந்தால் போதும். மருத்துவம் எதுவும் தெரிய வேண்டாம். அவருக்குத் தண்ணீர் கொடுத்து, தலையணையைச் சரிசெய்து, பக்கத்தில் இருந்தால் போதும். நான் நடந்து போய், எல்லாரோடும் சேர்ந்து நின்று, ஒரு முறை தூயவர் தூயவர் பாடிவிட்டு வருவேன். இதைக் கேட்க எனக்கு வெட்கமாக இருந்தது. இங்கே யாருக்கும் என்னைத் தெரியாது என்பதால் எழுதுகிறேன்.

நோயாளருக்கு நற்கருணை

எட்டு வருடமாக வீடு வீடாகப் போகிறேன். கதவைத் திறந்துவிடுகிறவரிடம் நீங்கள் கடைசியாகக் கோவிலுக்கு எப்போது வந்தீர்கள் என்று நான் ஒரு முறைகூடக் கேட்டதில்லை. உபவாசம் பற்றிய அந்தச் சட்டத்தில் பார்த்துக்கொள்கிறவர்களும் அடக்கம் என்று மேலே நானே எழுதியிருக்கிறேன். எழுதியும் எனக்குத் தோன்றவில்லை. மன்னித்துக்கொள்ளுங்கள் சகோதரி. இதை எழுதியதற்கு நன்றி. நான் போகிற மூன்று வீடுகளிலும் இந்த ஞாயிறே கேட்கிறேன்.

இளையோர் பொறுப்பாளர்

ஒன்றரை மணி நேரம் உட்காருவது எங்கள் பிள்ளைகளால் முடியும். எங்கள் பங்கில் இரண்டு திருப்பலி உண்டு. முதல் திருப்பலிக்குப் போய்விட்டு இரண்டாவது நேரத்தில் இருவராகப் போய் இருக்கலாம். பதினெட்டு வயது முடிந்தவர்கள் மட்டும், முதல் சில முறை பெரியவர் ஒருவர் துணையோடு. நேற்று மாலைக் கூட்டத்தில் இந்தப் பதிவை வாசித்துக் காட்டினேன். ஐந்து பேர் பெயர் கொடுத்தார்கள். அதில் இருவர் கேமரா பிடிக்கிறவர்கள்.

பேரவைக்குப் புதியவர்

பேரவைக் கூட்டம் முடிந்தது. என்ன நடந்தது என்று சொல்லிவிடுகிறேன்.

கூட்டத்துக்கு முன்பே ஃபாதரைப் பார்த்தேன். சட்டம் 529ஐ எடுத்துக் காட்டினார். குடும்பங்களைச் சந்திப்பதும், அவர்களின் கவலையிலும் துக்கத்திலும் பங்கெடுப்பதும், ஏழைகளையும் தனிமையில் இருப்பவர்களையும் தேடிப் போவதும் பங்குத்தந்தையின் கடமை என்று அதில் இருக்கிறது. இது முதலில் என் வேலை, நான்தான் பின்தங்கிவிட்டேன், நீங்கள் துணைக்கு வாருங்கள் என்றார். அவர் அப்படிச் சொல்வார் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

புதுக் குழு எதுவும் தொடங்கவில்லை. சந்திப்புக்கென்று தனிக் குழு வைத்தால் அதே பன்னிரண்டு பேர்தான் அதிலும் இருப்பார்கள் என்று வரவேற்புக் குழுவில் இருக்கும் ஓர் அம்மா சொன்னார், எல்லாரும் ஒப்புக்கொண்டோம். அதனால் ஒவ்வொரு அன்பியமும் தன் எல்லைக்குள் வர முடியாதவர், பார்த்துக்கொள்கிறவர், துக்கம் நடந்த வீடு, வருத்தத்தில் விலகியவர் என்று நான்கு பகுதியாகப் பட்டியல் எடுக்கிறது. அன்பியக் கூட்டத்தின் முதல் பத்து நிமிடம் யார் யாரைப் பார்த்தோம் என்ற அறிக்கை. சேனை உறுப்பினர் சொன்னதை அப்படியே எடுத்துக்கொண்டோம். ஊடகப் பணிக்கும் ஒப்புதல் கிடைத்தது, உதவி பெறுகிறவர் முகம் வரக் கூடாது என்ற விதியோடு. பயணச் செலவு மட்டும் முடிவாகவில்லை. அதில் வாக்குவாதம் வந்தது, அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிவைத்திருக்கிறோம்.

எங்கள் அன்பியத்தில் நான் ஏழு பெயர் வரும் என்று நினைத்திருந்தேன். பத்தொன்பது வந்திருக்கிறது. பார்த்துக்கொள்கிறவர்கள் மட்டும் ஐந்து பேர். அதில் ஒருவர் பாட்டியின் மகள். அன்றைக்கு அவ்வளவு நேரம் அவரிடம் பேசியும் அவரைப் பற்றி நான் ஒன்றும் கேட்கவில்லை.

நேற்று ஞாயிறு பாட்டி வீட்டுக்கு நற்கருணை போனது. நானும் மெழுகுதிரியோடு கூடப் போனேன். மகள் அந்த நேரம் கோவிலில் இருந்தார். எல்லாம் முடிந்ததும் பாட்டி மேசைமேல் இருந்த துணியைத் தடவிப் பார்த்தார். யார் தேய்த்தது, மடிப்பு சரியில்லை, அடுத்த வாரம் கோவில் துணிகளை இங்கே கொண்டுவா, உட்கார்ந்தே தேய்ப்பேன் என்றார்.

அக்கா, ஒரு சந்தேகம். பீடத் துணிகளை அப்படி வீட்டுக்குக் கொடுத்தனுப்பலாமா?

நோயாளருக்கு நற்கருணை

தாராளமாக. திருக்கிண்ணம் துடைக்கிற துணி, நற்கருணை வைக்கிற துணி இரண்டையும் மட்டும் முதலில் வெறும் தண்ணீரில் அலசி, அந்தத் தண்ணீரைக் கால்படாத மண்ணில் ஊற்றிவிட்டு அனுப்புங்கள். பாட்டிக்கே அது தெரிந்திருக்கும். மேசை அவர் உட்காரும் உயரத்துக்கு இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.